தேரை முட்டையில் விழுந்த கீறல்

நான் கர்ப்பமாக இருக்கிறேன் என்று எனக்கு முதலில் சொன்னது ஒரு தேரை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மலாயா சுதந்திரம் அடைந்த வருஷம் நான் மலாக்காவில் ஓர் ஆஸ்பத்திரியின் சோதனைக்கூடத்தில் உதவியாளராக இருந்தேன். இப்போது மருந்துக்கடையில் விற்கிற சோதனை அட்டையெல்லாம் அன்றைக்குக் கிடையாது. வந்த பெண்ணின் சிறுநீரை வடிகட்டி, ஓர் ஆண் தேரையின் முதுகுத் தோலுக்கு அடியில் ஊசியால் ஏற்றுவோம். கொஞ்ச நேரம் பொறுத்து அந்தத் தேரையிடமிருந்து ஒரு துளி நீரை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்போம். பெண் கர்ப்பமாக இருந்தால் துளிக்குள் தேரையின் விந்தணுக்கள் நெளியும். இல்லாவிட்டால் வெறும் தண்ணீர்.

தேரைகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. மழை பெய்த மறுநாள் ஆஸ்பத்திரித் தோட்டக்காரர் சாக்குப்பை நிறையப் பிடித்துக்கொண்டு வருவார். எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டால் காஜா பெராங் சாக்கடையில் என்பார். நானும் என் கணவரும் குடியிருந்ததும் அங்கேதான், கம்போங் செட்டிக்குள் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில். ராத்திரியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே கத்திய தேரை காலையில் என் கையில் வந்து உட்காரும்.

தள்ளிப்போய்க் கொஞ்ச நாள் ஆனதும், யாரிடமும் சொல்லாமல், மற்றவர்கள் வருவதற்கு முன்னால் போய் என்னுடையதையே ஊசியில் ஏற்றினேன். பிறகு கண்ணை வைத்துப் பார்த்தபோது துளி முழுக்க நெளிந்துகொண்டிருந்தது. சந்தோஷம் வரவில்லை. தகட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு அன்றைய வேலையைப் பார்த்தேன்.

காரணம், அதற்கு இரண்டு வருஷம் முன்னால் பிறந்த என் முதல் பிள்ளை. ஆண். கையும் காலும் அவ்வளவு அழகு. முகத்தில் என் கணவரின் மூக்கு. புருவத்துக்கு மேலே மட்டும் ஒன்றும் இல்லை. மண்டை மூடவே இல்லை. என்னிடம் காட்டக்கூடாது என்று ஒரு துணியைச் சுற்றி எடுத்துப் போனார்கள். போகும்போது துணி விலகியதை நான் பார்த்துவிட்டேன். அன்று சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஏன் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தவர்கள் யாரும் இருந்ததாகவும் தோன்றவில்லை. ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த என் மாமியாருக்கு மட்டும் சந்தேகமே இல்லை. "தேரையத் தொட்ட கையி. தேரை தோசம் புள்ளைக்கு எறங்கிருச்சி. இதுக்கு மேல என்ன கேக்கணும்?" என்றார். என் கணவர் ஒரு ரப்பர் ஆலையில் கிராணி, அதாவது எழுத்தர். படித்தவர், இதையெல்லாம் நம்பாதவர். ஆனாலும் ஒரு நாள் பசியாறிக்கொண்டிருந்தபோது தட்டைப் பார்த்தபடியே, "வேற செக்‌ஷனுக்கு மாத்தித் தர மாட்டாங்களா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்காததுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

எனவே இந்தமுறை அவரிடம் உடனே சொல்லவில்லை.

சில நாட்கள் கழித்து, நல்ல மழைக்கு மறுநாள் காலை, தேரைத் தொட்டியின் மூடியைத் தூக்கினால் தண்ணீர் முழுக்கக் கறுப்புப் பாசிமணி கோத்ததுபோல் இழை இழையாகக் கிடந்தது. ஆண்களுக்கு நடுவே ஒரு பெண் தேரை எப்படியோ சாக்கில் வந்திருக்கிறது. ஒரு ஆண் இன்னும் அதன் முதுகைக் கட்டிக்கொண்டு விடவில்லை. தொட்டியைச் சாய்த்துச் சாக்கடையில் ஊற்றப் போனேன்.

"ஊத்தாதீங்க, ஊத்தாதீங்க" என்று பின்னாலிருந்து டாக்டரின் குரல்.

அவர் சோதனைக்கூடத்துக்குப் புதிதாக வந்தவர். சிங்கப்பூரில் படித்துவிட்டு வந்த தமிழர், என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவராக இருக்க வேண்டும். எப்போதும் வாயில் 'ஆசாம் போய்' என்ற உலர்ந்த பழம் ஒன்றை ஒதுக்கியிருப்பார். அந்தப் புளிப்புப் பழத்தின் கொட்டை பல்லில் தட்டுகிற சத்தம் கேட்டால் டாக்டர் வருகிறார் என்று அர்த்தம். கண்ணாடிக் கிண்ணம் ஒன்றைக் கொண்டுவந்து இழையில் ஒரு துண்டை அதில் போட்டார். "படிக்கிறப்ப இதை நியூட்ல, பல்லி மாதிரி இருக்கிற நீர்ப்பிராணியில பாத்தேன். தேரையில பாத்ததில்ல. நீங்களும் பாருங்க" என்றார்.

எனக்குப் பார்க்க விருப்பமில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

குறைந்த உருப்பெருக்கத்தில் அந்த முட்டை ஒரு பந்துபோல் தெரிந்தது. மேல்பாதி கரி, கீழ்ப்பாதி சாம்பல். இரவே பிளந்து பிளந்து ஆயிரக்கணக்கான செல்களாகிவிட்டது, உள்ளே ஒரு பக்கம் வெற்றிடம் என்றார் டாக்டர். வெளியே பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல் சும்மா இருந்தது. நான் மற்ற வேலைகளைப் பார்த்துவிட்டு நடுநடுவே வந்து எட்டிப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டுக்கு மணியடித்த சமயத்தில் கரியும் சாம்பலும் சேருகிற இடத்தில் நகம் பட்டதுபோல் ஒரு சின்னக் கீறல் விழுந்திருந்தது.

"ஆரம்பிச்சிருச்சி" என்றார் டாக்டர். அவர் குரல் தாழ்ந்திருந்தது.

அந்த மத்தியானம் இரண்டு பேரும் சாப்பிடப் போகவில்லை. கீறல் பிறையாக வளைந்தது. பிறை லாடமானது. அதன் விளிம்பில் இருந்த செல்கள் ஒவ்வொன்றாக உருண்டு மடிந்து உள்ளே போய்க்கொண்டிருந்தன. ஒரு செல் போவது கண்ணுக்குத் தெரியாது. சற்று நேரம் வேறெங்காவது பார்த்துவிட்டுத் திரும்பினால் இடம் மாறியிருக்கும். டாக்டர் நீலச் சாயத்தில் ஊறவைத்த ஒரு சிறு அகார் கட்டியை, அதாவது கடற்பாசிக் கூழை, இன்னொரு முட்டையின் சாம்பல் விளிம்பில் ஒற்றி எடுத்தார். ஒரு பொட்டு விழுந்தது. பார்த்துக்கொண்டே இருந்தோம். வட்டமாக வைத்த பொட்டு நீண்டது. பக்கத்தில் இருந்த செல்கள் நடுக்கோட்டை நோக்கி நெருக்கியடித்துக்கொண்டு வந்தன. வந்தவை ஒன்றின் இடுக்கில் ஒன்று புகுந்தன. இடம் குறுகக் குறுகக் கூட்டம் நீளமாகிறது. நீலப் பொட்டு நாக்குப்போல் நீண்டு, விளிம்புவரை வந்து, வளைந்து உள்ளே இறங்கி மறைந்துவிட்டது.

யாரும் தள்ளவில்லை. யாரும் இழுக்கவில்லை.

"எப்படி டாக்டர் இதுங்களுக்குத் தெரியுது, எங்க போகணும்னு?"

"அதான் விஷயமே. போறது ஒரு பாதி. உள்ள போனது சும்மா இருக்காது. மேல இருக்கிறதுகிட்ட ஏதோ சொல்லுது. நீ மூளையாகு, நீ முதுகெலும்புக்குள்ள ஓடற நரம்பாகுன்னு."

"வாயா இருக்கு, பேசறதுக்கு?"

"ஏதோ ஒரு ரசாயனம். என்னன்னு இன்னும் யாருக்கும் பிடிபடல. அந்த விளிம்புத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து இன்னொரு முட்டையோட வயித்துப் பக்கம் வச்சா, அங்க ரெண்டாவதா ஒரு தலை முளைக்கும். வயித்துத் தோலா ஆகவேண்டியது இந்தப் பேச்சைக் கேட்டு மூளையா மாறிடும்."

"சொல்லலன்னா?"

"சொல்லலன்னா மேல இருக்கிறது வெறும் தோலாவே நின்னுடும்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். என் முதல் பிள்ளையின் விஷயம் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும், அந்த நேரத்தில் நினைவு வரவில்லை அவ்வளவுதான். நான் நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுக்காமல் அப்படியே நின்றேன்.

அதற்கடுத்த மழையில் மறுபடியும் முட்டைகள் கிடைத்தன. டாக்டர் இந்தமுறை ஒரு பங்கு முட்டைகளின் மேலுறையை ஊசியால் கிழித்து எடுத்துவிட்டு உப்பு அதிகமான கரைசலில் போட்டார். "இதுல பாதை மாறிப்போகும், பாருங்க" என்றார். பார்த்தேன். கீறல் விழுந்தது. விளிம்பும் வந்தது. ஆனால் செல்கள் உள்ளே மடியவில்லை. உள்ளே போகவேண்டியதெல்லாம் வெளிப்பக்கமாகப் பிதுங்கிக்கொண்டு வந்தது. கடைசியில் ஒரு பக்கம் குடலும் சதையுமாக ஆகவேண்டிய உருண்டை. மறுபக்கம் காற்றுப்போன பலூன்போல் சுருங்கிய ஒரு தோல்பை. இரண்டுக்கும் நடுவே நூல்போல் ஓர் ஒட்டு. தோல்பையில் மூளையும் இல்லை, கண்ணும் இல்லை. அதற்கு அடியில் போய்ச் சொல்லவேண்டியவர்கள் போகவே இல்லை.

பக்கத்துக் கிண்ணத்தில் நல்ல தண்ணீரில் கிடந்தவை அதற்குள் முதுகில் இரண்டு வரப்பு எழும்பி, ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து, மூடிக்கொண்டிருந்தன. தலைப் பக்கம் கடைசியாக மூடுகிற இடத்தையே வெகுநேரம் பார்த்தேன்.

"மனுஷக் கருவுல இது எப்ப நடக்கும்?" என்று கேட்டேன்.

கொட்டை பல்லில் தட்டுகிற சத்தம் நின்றது. அப்போதுதான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"செல்லுங்க உள்ள போறது மூணாவது வாரத்துல. தள்ளிப்போகுதா இல்லையான்னு பொம்பளைங்க பாத்துக்கிட்டிருக்கிற சமயம். மண்டைப் பக்கம் மூடறது அடுத்த வாரம். உங்க பிள்ளைக்கு நடந்தது அந்த ரெண்டாவது படி. இந்த உப்புல நடந்தது வேற."

"அப்படின்னா தேரைக்குத் தெரியறதுக்கு முன்னாலயே."

"ஆமா."

"எனக்குத் தேரை சொல்லிருச்சி டாக்டர். போன மாசம்."

அவர் எழுந்து நின்றார். பிறகு, "அப்ப முடிஞ்சிருக்கும். நல்லதா முடிஞ்சிச்சா இல்லையான்னுதான் நமக்குத் தெரியாது" என்றார். பொய் சொல்லாததற்கு அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

வீட்டுக்கு நடந்து போகும்போது அந்த மூன்றாவது வாரத்தைத் தேடிப் பார்த்தேன். என்ன செய்துகொண்டிருந்தேன்? காய்ச்சல் இருந்ததா? துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலுக்குப் போனது அந்த வாரமா, அதற்கு முந்தியதா? என்ன சாப்பிட்டேன்? எதுவும் நினைவில்லை. துணி துவைத்திருப்பேன், பாசாருக்குக் காய் வாங்கப் போயிருப்பேன், கணவரோடு ஏதோ சில்லறைச் சண்டை போட்டிருப்பேன். அந்த நேரத்தில் எனக்குள் ஒரு கடுகைவிடச் சிறிய இடத்தில் கூட்டம் நகர்ந்து, யாரோ யாருக்கோ சொல்லி, எல்லாம் தீர்மானமாகியிருக்கிறது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இனி நான் வேண்டிக்கொண்டாலும் முடிந்துபோனதுக்குத்தான் வேண்டிக்கொள்கிறேன்.

அன்று சாயங்காலமே கணவரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், முட்டை உட்பட.

"அப்ப நீ வேலைய விட்டாலும் ஒண்ணும் மாறாது?"

"மாறாதுங்க."

"தோசம் கழிச்சாலும்?"

"கழிச்சாலும்."

"அம்மாகிட்ட சொல்ல வேணாம்" என்றார். பிறகு என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். தேரையைத் தொட்ட கை. அதை அவர் வேண்டுமென்றேதான் செய்தார் என்று நினைக்கிறேன்.

வயிறு வளர்ந்தது. வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். ஊர் முழுக்கக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். சுதந்திரம் வருகிற நாளை எங்கள் ஊர்த் திடலில்தான் முதலில் சொன்னார்கள் என்று மலாக்காக்காரர்களுக்கு அப்போது ஒரே பெருமை. ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார மேட்ரன் சாமான்களைப் பெட்டியில் அடைத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் அடுத்து என்ன வரும் என்று பேசினார்கள். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன், வேறு விதமாக.

கொண்டாட்டத்தன்று ஊர்வலம் பார்க்கப் போகலாம் என்று வீட்டுக்கார அம்மா கூப்பிட்டார். அவர் செட்டி இனத்துப் பெண், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறி மலாய் பேசுகிறவர்களாகிவிட்ட இந்துக்கள் அவர்கள்; நாற்பது வயது இருக்கும். சாரோங் கெபாயா கட்டி, நெற்றியில் என்னைவிடப் பட்டையாக விபூதி பூசுவார். தமிழ் பேச வராது. எங்களுக்குள் மலாய்தான். நான் அவரைக் காக் என்று கூப்பிடுவேன், அக்கா என்பதற்கு மலாயில் அப்படித்தான். வாசலில் என்னைப் பக்கவாட்டில் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"பெருட் லு பெசார் செகாலி" என்றார். உன் வயிறு ரொம்பப் பெரிசு.

சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டார். முதல் பிள்ளையின்போதும் அதே மாதங்களில் என் வயிறு அளவுக்கு மீறிப் பெருத்ததை அவரும் பார்த்திருந்தார். பிறகு டாக்டர்கள் சொன்னார்கள், மண்டை இல்லாத பிள்ளைக்கு விழுங்க வராது, அதனால் பனிக்குடத்தில் நீர் சேர்ந்துகொண்டே போகும் என்று. இப்போதும் நீர்தான். எனக்குத் தெரியும். தட்டினால் ஒரு பக்கத்து அலை மறுபக்கத்தில் வந்து மோதியது.

ஊர்வலத்துக்குப் போனோம். பேண்டு வாத்தியமும் கூச்சலும். பிள்ளை உள்ளே உதைத்தது. காக் என் முழங்கையைப் பிடித்த பிடியை வீடு திரும்பும்வரை விடவில்லை.

அந்தக் காலத்தில் உள்ளே பார்க்க ஒரே வழி எக்ஸ்ரே. எலும்பு கெட்டியான பிறகுதான் படத்தில் விழும் என்பதால் கடைசி மாதங்கள்வரை காத்திருக்க வேண்டும். டாக்டர் ஒரு நாள் என்னிடம், "எடுத்துப் பாத்துடலாமா? நீங்க வேணாம்னா வேணாம்" என்றார். கணவர் வேண்டாம் என்றார். கெட்டதாக இருந்தால் மீதி நாளை எப்படிக் கழிப்பாய் என்று கேட்டார். இப்போது எப்படிக் கழிக்கிறேன் என்று நான் கேட்டேன்.

படுத்துக்கொண்டு மூச்சை அடக்கினேன். படம் ஈரம் காயாமல் வந்தது. டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். என் இடுப்பெலும்பு தெரிந்தது. அதற்குமேல் மீன்முள்போல் ஒரு குட்டி முதுகெலும்பு. பிள்ளை அசைந்ததில் எல்லாம் கலங்கலாக இருந்தது. அவர் விரல் கீழ்நோக்கிப் போய் ஓர் இடத்தில் நின்று, மெதுவாக ஒரு வளைவை வரைந்தது. மறுபடியும் வரைந்தது.

"மண்டை இருக்கு" என்றார். "முழுசா இருக்கு. பாருங்க, இதான் ஓரம்."

நான் அழவில்லை. "நீர் எதுக்கு அப்ப?" என்றுதான் கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார். அந்தக் குலுக்கல் பிரசவம்வரைக்கும் என் கூடவே இருந்தது.

பிரசவம் ஒரு முற்பகலில். பனிக்குடம் உடைந்து கட்டிலிலிருந்து தரைவரை வழிந்தது. பெண் குழந்தை. முதலில் தலையைத்தான் பார்த்தேன், கேட்டு வாங்கிப் பார்த்தேன். கறுகறுவென்று முடி. அழுதது. அழுகைக்கு நடுவே மூச்சு வேகவேகமாக, மூக்கு விடைக்க விடைக்க இழுத்தது. நர்ஸ் குழந்தையின் இடது மார்பில் கருவியை வைத்துக் கேட்டார். கொஞ்சம் நகர்த்தி வைத்தார். மறுபடி நகர்த்தினார். இன்னொரு நர்ஸைக் கண்ணால் கூப்பிட்டார். அவரும் கேட்டார்.

"என்ன?" என்றேன்.

நர்ஸ் துணியை எடுத்து விரித்தார்.

"என்னன்னு சொல்லுங்க. நானும் இங்க வேலை செய்றவதான்."

"டாக்டர் வரட்டும் அக்கா" என்றார் நர்ஸ். குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வேகமாகப் போனார்கள். அதே கதவு, அதே மாதிரித் துணி.

எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. வெளியே கணவர் நடக்கிற செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. பிறகு அவரும் சோதனைக்கூட டாக்டரும் சேர்ந்தே உள்ளே வந்தார்கள். டாக்டருக்கு மூச்சு வாங்கியது. கையில் ஈரமான படம்.

"இருதயம் இருக்கு. நல்லா அடிக்குது" என்றார். "வலது பக்கம் இருக்கு."

கணவர் படத்தை எட்டிப் பார்த்தார். "இடம் மாறினா பொழைக்குமா டாக்டர்?"

"இருதயம் மட்டும் மாறியிருந்தா நானே பயந்திருப்பேன். எல்லாமே சேர்ந்து மாறியிருக்கு. இரைப்பை வலது, ஈரல் இடது. உள்ள ஒண்ணும் குறையல. கண்ணாடியில தெரியற ஆளு மாதிரி. கண்ணாடியில இருக்கிறவன் செத்தா போயிட்டான்?"

அவரே சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, என்னிடம் மட்டும் சொல்வதுபோல் சொன்னார். நியூட் முட்டையை ஆரம்பத்திலேயே ஒரு முடியால் இறுக்கி இரண்டு உயிராக்கினால், வலப்பக்கத்து உயிருக்குச் சில நேரம் இப்படித்தான் இருதயம் மாறி அமையும், வெளிநாட்டில் பார்த்திருக்கிறார்கள். எது இடம் எது வலம் என்பதும் செல்கள் உள்ளே போகிற அந்த நேரத்தை ஒட்டித்தான் முடிவாக வேண்டும். ஏன் என்று தெரியவில்லை.

"யாரோ சொல்ல வேண்டியதைச் சொல்லல" என்றேன்.

"சொல்லியிருக்காங்க. திசைதான் மாறிப்போச்சி."

மூச்சுத் திணறல் சில நாளில் அடங்கியது. குழந்தையை வீட்டுக்குக் கொண்டு போனோம். காக் அவளை வாங்கி, மார்பின் வலப்பக்கம் காதை வைத்துக் கேட்டுவிட்டு வெகுநேரம் அவளை விடவில்லை. மாமியார் வந்தார், பார்த்தார், தேரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எதிலோ தன் பேச்சு மெய்யாகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

அவள் வளர்ந்தாள். ஆனால் சளி அவளை விடவே இல்லை. வருஷம் முழுக்க மூக்கடைப்பு, நெஞ்சில் கரகரப்பு, காது வலி. ஆரம்பப் பள்ளியை முடிக்கிற வயதில் ஒரு நாள் இடப்பக்க அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். பக்கத்துக் கிளினிக்குக்குக் கொண்டு போனேன். வேலைக்குப் புதிதான டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, வாயு, இடது பக்கம் வேறொன்றும் இல்லை என்று மாத்திரை எழுதினார்.

"குடல்வால் டாக்டர்" என்றேன்.

"அது வலது பக்கம்மா."

"இவளுக்கு இடது பக்கம். நெஞ்சைத் தொட்டுப் பாருங்க."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்தே அவள் வலது மார்பில் வைத்துவிட்டேன். அவர் முகம் மாறியது. அன்று சாயங்காலமே அறுத்தார்கள். உடைகிற நிலையில் இருந்ததாம். அன்றிலிருந்து எந்த டாக்டர் முன்னால் உட்கார்ந்தாலும் அவள் முதலில் சொல்வது, "எனக்கு எல்லாம் மாறியிருக்கு டாக்டர்" என்பதுதான்.

காரணம் எனக்குத் தெரிந்தது நாற்பது வருஷத்துக்கும் பிறகு. கணவர் அப்போது உயிரோடு இல்லை. நெஞ்சுச் சளி முற்றி அவளைக் கோலாலம்பூருக்கு அழைத்துப்போனபோது, நுரையீரல் டாக்டர் ஒருவர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். செல்கள் உள்ளே போகிற காலத்தில் கருவின் நடுக்கோட்டு நுனியில் ஒரு குழி உண்டாகிறது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத முடிகள் சுழன்று நீரை இடப்பக்கமாகத் தள்ளுகின்றன. அந்த ஓட்டம்தான் இது இடம் என்று மற்ற செல்களுக்குச் சொல்கிற சேதி. இவளுக்கு அந்த முடிகள் சுழலவில்லை. சேதி இல்லாதபோது எந்தப் பக்கமும் விழலாம். அதே மாதிரி முடிகள்தான் நெஞ்சிலிருந்து சளியை மேலே தள்ளுகின்றன. அவையும் அசையவில்லை.

"முதல் குழந்தை?" என்று கேட்டேன்.

"அது இதோட சம்பந்தமில்லாம இருக்கலாம். இப்ப கீரையில இருக்கிற ஒரு சத்தை, பிள்ளை உண்டாகறதுக்கு முன்னாலயே பொம்பளைங்களுக்குக் குடுக்கிறோம். அதுல நெறையப் பிள்ளைங்க தப்பிக்குது."

முடி அசையாத இந்தக் கோளாறு மட்டும், என்றார், தாய் தகப்பன் இரண்டு பேரிடமிருந்தும் ஒவ்வொரு பங்கு வந்தால்தான் வரும். எங்கள் இரண்டு பேரிடமும் அது ஆயுள் முழுக்க இருந்திருக்கிறது. ஒருவருக்கும் ஒரு இருமல்கூடக் கிடையாது.

மகள் மலாக்காவை ஒட்டிய செங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். கல்யாணம் ஆனது, பிள்ளை தங்கவில்லை. அதற்கும் இந்த முடிகள் காரணமாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது அவள் தலையசைத்தாள், ஏற்கெனவே எங்கோ படித்திருக்கிறாள்.

திரும்பும்போது அவள்தான் காரை ஓட்டினாள். சிரம்பான் தாண்டியதும் இருமல் வந்தது. ஓரமாக நிறுத்தி, கதவைத் திறந்து, நீண்ட நேரம் இருமித் துப்பினாள். நான் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன், நர்ஸ்கள் கற்றுத்தந்த மாதிரி, கையைக் குவித்து. கனமான லோரிகள் எங்களை உரசிக்கொண்டு போயின. அவள் நிமிர்ந்து தண்ணீர் குடித்தாள்.

"பசிக்குதும்மா" என்றாள். "அடுத்த சாப்பாட்டு ஸ்டால்ல நிறுத்தவா?"